எலும்பில்லாத வான்கோழி நெஞ்சுக்கறி பெல்லட் கிரில்லுல – நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல யாராவது போட்டிருக்கீங்களா?

தக்கலை_மாப்ள:
எல்லாருக்கும் வணக்கம் மக்கா. எங்க அத்தான் அமெரிக்காவ விட்டு ஒரேடியா ஊருக்கு வந்துட்டாரு, கப்பல்ல வந்த சாமானோட ஒரு பெல்லட் கிரில்லும் (மரத்தூள் குச்சிய தானா தள்ளி எரிச்சு புகையில கறி வேகவைக்கிற கரண்டு பெட்டி) வந்து எறங்கிருக்கு, அவரு அதப்பத்தி பேசுன பேச்சுல தெருவுக்கே அது என்னன்னு தெரியும் ஆனா வந்ததுலருந்து கார் ஷெட்டுல தார்ப்பாய் போத்தி கெடக்குது. இப்பம் கிறிஸ்மஸுக்கு வீட்ல வளத்த வான்கோழி ஒண்ணு நிக்குது, நல்ல சேவல். வழக்கமா எங்கம்மை தேங்கா வறுத்தரச்சு குழம்பு வச்சிருவா, இந்த தடவ நெஞ்சுக்கறிய மட்டும் எலும்பில்லாம எடுத்து கிரில்லுல புகை போடணும்னு அத்தான் ஒத்தக்கால்ல நிக்காரு, மிச்சம் குழம்புக்கு. எனக்கு சமையல் தெரியும் மெஷின் தெரியாது, அவருக்கு மெஷின் தெரியும் சமையல் தெரியாது, அங்க கடையில வலையில கட்டி வித்தத வாங்கி வச்சவரு. கறி காஞ்சு தேங்கா சக்கை மாதிரி ஆயிரும்னுதான் எனக்கு பயம். எத்தன டிகிரி, எவ்வளவு நேரம், உப்புத்தண்ணில போடணுமா, பெல்லட்டுக்கு எங்க போறது, எல்லாம் சொல்லுங்க. மெஷின் 110 வோல்ட் வேற.

அண்டியாபீஸ்_முக்கு:
ஏண்டே, கரண்டு போட்டு சுடுறதுக்கு பேரு புகையா? பழைய டிரம்ம பாதியா அறுத்து செரட்டக்கரி போட்டு கம்பி வச்சா முடிஞ்சு சோலி. அத்தான்ட்ட சொல்லு அத வித்துட்டு ரெண்டு ஆடு வாங்க சொல்லு.

குளச்சல்கரை:
வந்துட்டாரு டிரம்மு அண்ணன் 😂 அவரு கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்கப்பா.

தம்பி, எவ்வளவு நேரம்னு யாரு சொன்னாலும் நம்பாத. ஒரே எடை உள்ள ரெண்டு துண்டுல ஒண்ணு தடியா இருக்கும் இன்னொண்ணு பரந்து இருக்கும், ரெண்டும் ஒண்ணா வேகாது. ஒன்றரை கிலோ உருட்டுன துண்டுக்கு 110-லருந்து 135 டிகிரிக்குள்ள ரெண்டரை மணிநேரம் பக்கத்துல ஆகும்னு ஒரு கணக்கு வச்சுக்க, அது விருந்தாளிய எப்பம் வரச்சொல்லணும்னு பாக்குறதுக்குத்தான், கறிய எப்பம் எடுக்கணும்ங்கிறதுக்கு இல்ல. கறிய எடுக்க தெர்மாமீட்டர் மட்டும்தான். மெஷினோட ஒயர் வச்ச புரோப் வந்திருக்கும், அத தடிச்ச பக்கத்துல நடுவால போற மாதிரி சொருகணும், மேலோட்டமா குத்துனா சூடு கூட காட்டி ஏமாத்தும்.

புரோப் சரியா இருக்கான்னு முதல்ல பாரு. ஐஸ் நெறைய போட்ட தண்ணில 0 காட்டணும், கொதிக்கிற தண்ணில 100. நம்ம ஊரு கடல்மட்டத்துல கெடக்குறதால 100 சரியா வரும், மலை ஊருக்காரனுக்குத்தான் அதுல கழிச்சல் கணக்கு.

வயரிங்_அண்ணன்:
110 வோல்ட்னு எழுதுன ஒடனே வயிறு கலங்கிட்டு. தயவு செஞ்சு நேரா நம்ம பிளக்குல சொருகிராதீங்க, போர்டு அந்த நிமிஷமே கருகிரும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். பத்த வைக்கிற கம்பி சூடாகுற முதல் கொஞ்ச நிமிஷம் ஒரு 300 வாட் இழுக்கும், பெறவு ஃபேனும் பெல்லட்ட தள்ளுற திருகு மோட்டாரும் மட்டும்தான், அம்பது வாட் பக்கம். அதனால 500 விஏ போதும்னு கடையில சொல்லுவான், 1000 வாங்குங்க, சூடாகாம நிக்கும்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டத்தான் மாத்தும், ஹெர்ட்ஸ, அதாவது கரண்டு செகண்டுக்கு எத்தன தடவ மாறி மாறி வருதுங்கிறத, மாத்தாது. அங்க 60, இங்க 50. மோட்டார் ஏசி மோட்டாரா இருந்தா ஆறுல ஒரு பங்கு மெதுவா சுத்தும், பெல்லட் கொறச்சலா விழும், ஃபேன் காத்தும் கொறயும். பழைய மாடல்ல 110 டிகிரி வச்சா 100 கூட ஏறாம நிக்கிறது இதனாலயும் இருக்கலாம். புது மாடல்ல டிசி மோட்டார் இருந்தா இந்த தொல்லை கெடையாது. அத்தான்ட்ட மாடல் கேட்டு போடுங்க. வெளிய தரையில ஈரத்துல நிக்கிற இரும்புப் பெட்டி, எர்த் கண்டிப்பா வேணும்.

தக்கலை_மாப்ள:
டிசி மோட்டார்தான்னு அத்தான் சொல்லுகாரு, கொஞ்சம் உயிர் வந்துது அண்ணே. இன்வெர்ட்டர்ல ஓட்டலாமா? இங்க மழை பெஞ்சா கரண்டு எப்பம் போவும்னு சொல்ல முடியாது.

வயரிங்_அண்ணன்:
சைன் வேவ் இன்வெர்ட்டர்னா ஓட்டலாம், இழுக்குறது கொஞ்சம்தான். சதுர வேவ் பழைய பெட்டின்னா வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் முனகும்.

நடுவுல கரண்டு போனா மூடிய தெறக்காதீங்க. ஃபேன் நின்ன ஒடனே கிண்ணத்துல எரியிற தீ மெதுவா திருகு வழியா பின்னாடி பெல்லட் கொட்டி வைக்கிற ஹாப்பர் பக்கம் ஏறப் பாக்கும், அதனால ஆளு அங்கயே நிக்கணும், ஹாப்பர்ல புகை வருதான்னு பாக்கணும். கரண்டு வந்த பெறவு சட்டுனு ஸ்டார்ட் அமுக்காம, கறிய எடுத்து வச்சிட்டு தீக்கிண்ணத்த பாருங்க. எரியாத பெல்லட் குமிஞ்சு கெடந்தா அள்ளி எடுத்துட்டுத்தான் பத்த வைக்கணும், இல்லன்னா எல்லாம் ஒண்ணா பத்தி மூடி டமார்னு தூக்கும்.

பேச்சிப்பாறை_ரப்பர்:
பெல்லட் விஷயத்துக்கு வரேன். பெல்லட்ங்கிறது வேற ஒண்ணும் இல்ல, மரத்தூள அழுத்தி ஆறு மில்லி கனத்துல குச்சி குச்சியா எடுக்குறது, பசை கெடையாது, மரத்துல உள்ள லிக்னினே சூட்டுல எளகி ஒட்டிக்கிடும். அதனால தண்ணி பட்டா ஒடனே பிரிஞ்சு தூளாயிரும். நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடியில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில ஒரு மழை, ரெண்டு பருவமும் உண்டு, மிச்ச நேரம் கடக்காத்து ஈரம். மூட்டைய பிரிச்சு ஷெட்டுல போட்டா அதுக்குள்ள ஈரம் ஏறிடும். ஏறுன பெல்லட் திருகுக்குள்ள வீங்கி இறுகி நின்னுரும், அத சொரண்டி எடுக்க ஒரு முழு நாள் வேணும்.

பாக்குறதுக்கு ஒரு வழி சொல்லுகேன். ஒரு குச்சிய எடுத்து ரெண்டு விரலால ஒடிங்க. காஞ்சதுன்னா டக்குனு சத்தம் கேக்கும், ஒடஞ்ச எடம் சுத்தமா இருக்கும், மேல ஒரு மினுக்கம் உண்டு. ஈரமானது சத்தமில்லாம நசுங்கி பொடியும், மேல மங்கலா வெடிச்சு வெடிச்சு இருக்கும். நசுங்குனா அந்த மூட்டைய அடுப்புக்கு போடுங்க, மெஷினுக்கு வேண்டாம். அரிசி போட்டு வைக்கிற மூடி இறுகுன பிளாஸ்டிக் டிரம்முல வச்சா போதும், வேல முடிஞ்ச அன்னைக்கே ஹாப்பர காலி பண்ணணும். மணிக்கு அரைக் கிலோவுலருந்து ஒரு கிலோ வரைதான் செலவாகும், நம்ம ஊரு சூட்டுக்கு இன்னும் கொறயும், அதனால நாலு கிலோ காஞ்சது இருந்தா ஒங்க வேலைக்கு தாராளம்.

பாய்லருக்கு விக்கிற பெல்லட்ட மட்டும் வாங்கிராதீங்க. வெல கொறவுதான், ஆனா அதுல கடலத்தோடு, பிளைவுட் தூளு, என்ன கெடந்துன்னு யாருக்கும் தெரியாது. சாப்பாட்டுக்குன்னு எழுதுனது ஆன்லைன்ல வரும், வெல கூட.

அண்டியாபீஸ்_முக்கு:
எதுக்கு ஆன்லைன், எங்க ஊர்ல அண்டித்தோடு, அதான் முந்திரிக்கொட்ட தோடு, மலை மாதிரி குமிஞ்சு கெடக்கு, சும்மாவே தருவான், நல்லா எரியும்.

பேச்சிப்பாறை_ரப்பர்:
அண்ணே தெய்வமே, அதுல கறி வச்சிராதீங்க!! அண்டித்தோட்டுல உள்ள எண்ணெ கையில பட்டா தோலு பொத்துப்போவும், அண்டி ஆபீஸ்ல வேல பாக்குற அக்காமாரு கைய பாத்ததில்லியா. அந்த புகை கறியில படிஞ்சு வயித்துக்குள்ள போனா என்னாகும். ரப்பர் தடியும் அப்படித்தான், வெறகா எரிக்கிறோம் ஷீட்டுக்கு புகை போடுறோம் எல்லாம் சரி, ஆனா மில்லுல பலகைக்கு பூஞ்சை பிடிக்காம இருக்க மருந்து ஏத்துவாங்க, அந்த தூளு எதுல கலந்து வருதுன்னு சொல்ல முடியாது. புகை மணம் கூட வேணும்னா காஞ்ச கொய்யாக்கட்டை, மாங்கட்டை, ரெண்டும் நல்லது, சின்ன சிராய்ப்பா வெட்டி ஒரு இரும்பு டப்பால போட்டு கிரில்லுக்குள்ள ஓரமா வச்சா போதும். டிரம்முல சுடுறவங்களுக்கும் இது ஆவும், கேட்டியளா.

அண்டியாபீஸ்_முக்கு:
சரி சரி, கேட்டாச்சு. கொய்யா வீட்ல நிக்குது.

மார்த்தாண்டம்_மைனி:
நான் நர்ஸா இருந்து வெளிநாட்டுல கொஞ்ச காலம் இருந்தவ, அங்க இது வச்சு பழக்கம் உண்டு. உப்பு பத்தி நான் சொல்லுறேன் தம்பி.

அங்க கடையில வாங்குற வான்கோழில நெறைய ஏற்கனவே உப்புத்தண்ணி ஊசி போட்டுத்தான் வரும், ஒங்க அத்தான் வச்சது காயாம இருந்ததுக்கு அதுதான் காரணமா இருக்கும். வீட்ல வளத்ததுல அது கெடையாது, ஓடித்திரிஞ்ச சேவல் வேற, நாம உப்பு ஏத்தித்தான் ஆவணும். முதல்ல ஒண்ணு, அறுத்த அன்னைக்கே கிரில்லுல வைக்காதீங்க, கறி வெறச்சு கெடக்கும். ஒரு நாளாவது ஃபிரிட்ஜுல கெடக்கட்டும், அந்த நேரத்துலயே உப்பும் ஏறிடும்.

எனக்கு தண்ணில ஊறப்போடுறத விட உப்ப அப்படியே தடவுறதுதான் பிடிக்கும். கறிய தராசுல நிறுத்து கிலோவுக்கு 15 கிராம் உப்பு, பொடி உப்பு கல்லுப்பு எதுனாலும் நிறுத்துத்தான் போடணும், கைக்கணக்கு வேண்டாம். கூட இடிச்ச நல்லமிளகு, பூண்டு, ஒரு துண்டு கருப்பட்டிய சீவி கொஞ்சம், ரெண்டு கிராம்பு பொடிச்சு. கிராம்பு நம்ம மலையில வெளையிறதே போடுங்க, கன்னியாகுமரி கிராம்புன்னு புவிசார் குறியீடே வாங்குன சாமான், ஆனா ரெண்டுக்கு மேல போட்டா கறி பல்லு டாக்டர் வீடு மணக்கும். மூடாம ஃபிரிட்ஜுல ஒரு ராத்திரி வச்சா மேல் தோலு காஞ்சு புகை நல்லா பிடிக்கும். தண்ணிலதான் போடுவேன்னா லிட்டருக்கு 50, 60 கிராம் உப்பு, தண்ணி முழுக்க முழுக்க ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கணும், நம்ம சூட்டுக்கு வெளிய பக்கெட்டுல வச்சா கெட்டுப்போவும்.

எலும்பு எடுக்கும்போது நெஞ்சுக்கு அடியில நீளமா ஒரு சின்ன கறி தனியா கழண்டு வரும், அதுக்கு நடுவால வெள்ளையா ஒரு நரம்பு ஓடும். வான்கோழிக்கு அந்த நரம்பு வெந்தாலும் ரப்பர்தான். நரம்போட நுனிய ஒரு துணியால பிடிச்சு, கத்திய படுக்க வச்சு கறிய தள்ளுனா நரம்பு மட்டும் கையில வரும். அந்த சின்ன கறிய இதோட கட்டாதீங்க, சீக்கிரம் வெந்துரும், தனியா வறுத்துருங்க.

குளச்சல்கரை:
மைனி சொன்னது அச்சு. இதோட ஒண்ணு சேத்துக்கிடுறேன். வீட்டுச் சேவலுக்கு நெஞ்சு ஒரு பக்கம் முக்கா கிலோ கிடைச்சா பெருசு, கடையில உள்ளது போல தடியா இருக்காது, ஒரு முனை தடிச்சு மறு முனை வாலா ஒடுங்கும். தனித்தனியா வச்சா வாலு கருகி தடிச்ச பக்கம் வேகாம நிக்கும். ரெண்டு பக்கத்தையும் தலைக்கு வாலா மாத்தி ஒண்ணுமேல ஒண்ணு வச்சு, தோலு வெளிய வரும்படி உருட்டி கட்டிருங்க, முழுக்க ஒரே கனமா வந்துரும். அதனால தோலு உரிச்சுராம வெந்நீர்ல முக்கி தூவல் மட்டும் பறிக்க சொல்லணும். கட்ட பருத்தி நூலுதான், நைலான் உருகி கறியில ஒட்டும்.

ஆரல்_காத்து:
தோவாளைக்காரன் பூ கட்டுற வாழநார நனச்சு கட்டுங்க, காசும் இல்ல, உருகவும் செய்யாது.

எனக்கு ஒரு கேள்வி. எங்க ஊர்ல வீசுற காத்துக்குத்தான் முப்பந்தல் முழுக்க காத்தாடி நட்டு வச்சிருக்கான், அந்த காத்துல இந்த மாதிரி பெட்டி சூடு நிக்குமா?

வயரிங்_அண்ணன்:
ஆரல்வாய்மொழில மொட்டமாடில வச்சா பெட்டியே பணகுடிக்கு போயிரும் 😂 சுவரோரமா காத்து மறைவுல வைங்க, புகைபோக்கிக்கு நேரா காத்து அடிக்கக் கூடாது. ஷெட்டுக்குள்ள கதவ சாத்தி மட்டும் வச்சிராதீங்க, கார்பன் மோனாக்சைடு ஆள அமுக்கிரும், சத்தமே கேக்காது.

டொராண்டோ_திங்கள்சந்தை:
ஊர்க்காரங்க வான்கோழி பேசுறத பாத்து மனசு குளுந்து போச்சு. நான் இங்க பனியில நின்னு இத வைக்கிறவன்.

எல்லாரும் எடுக்குற சூட்ட மட்டும் சொல்லாம விட்டுட்டீங்க. அமெரிக்க விவசாயத் துறை 165 ஃபாரன்ஹீட்னு சொல்லுது, நம்ம கணக்குல 74. அது தொட்ட ஒடனே கிருமி சாவுற சூடு. ஆனா கிருமி சாவுறதுக்கு சூடு மட்டும் இல்ல நேரமும் உண்டு, 66-ல கறியோட நடு அஞ்சு நிமிஷத்துக்கு மேல நின்னாலும் அதே வேல நடக்கும், அதுவும் அவங்க அட்டவணையிலயே இருக்கு. பெல்லட்டுல சூடு மெதுவா ஏறுறதால நடு அந்த சூட்டுல ரொம்ப நேரம் நிக்கத்தான் செய்யும். அதனால நான் 66, 67-ல எடுத்துருவேன், வெட்டுனா தண்ணி வடியும். 74 வரை அடுப்புல வச்சா எடுத்த பெறவும் ரெண்டு மூணு டிகிரி ஏறும், அங்கதான் எல்லாருக்கும் காயுது.

மார்த்தாண்டம்_மைனி:
நீங்க சொல்லுற கணக்கு சரிதான், நான் மறுக்கல. ஆனா அது நல்ல புரோப்பு வச்சு பழகுனவங்களுக்கு. இவங்க முதல் தடவ வைக்காங்க, வீட்ல வயசானவங்க இருப்பாங்க, சின்ன பிள்ளைங்க இருக்கும், வீட்ல அறுத்த கோழி. புரோப்பு ஒரு விரல்கடை தள்ளி குத்திருந்தா 66-னு காட்டும்போது நடு 61-ல கெடக்கும். அதுவும் ரெண்டு துண்ட உருட்டி கட்டுனது, வெளிய இருந்த பக்கம் உள்ள போயிருக்கு. தம்பி, நீங்க 71-ல எடுங்க, அலுமினியம் தாள லேசா போத்தி வைங்க, 74-அ தொடுதான்னு புரோப்ப எடுக்காம பாருங்க, தொடலன்னா மறுபடி உள்ள வைங்க. உப்பு ஒழுங்கா ஏறிருந்தா 74-லயும் காயாது.

டொராண்டோ_திங்கள்சந்தை:
உருட்டி கட்டுனதுக்கு அக்கா சொல்லுறதுதான் சரி, ஒத்துக்கிடுறேன். ஒத்தத் துண்டுக்கு நான் என் 66-அ விட மாட்டேன்.

இன்னொரு டிப்ஸ். முதல் ஒரு மணிநேரம் 105, 110-ல வைங்க, பெல்லட் கிரில் கொறஞ்ச சூட்டுலதான் புகை நெறைய விடும், கறி ஈரமா குளுந்து இருக்கும்போதுதான் புகையும் பிடிக்கும். பெறவு 135-க்கு ஏத்துங்க, இல்லன்னா தோலு சவ்வு சவ்வுன்னு இருக்கும், யாரும் தின்ன மாட்டாங்க. கடைசில வெண்ணெய் ஒரு தடவ தடவுங்க. மெல்லிசா நீல நிறத்துல போற புகைதான் நல்ல புகை, வெள்ளையா குபுகுபுன்னு வந்தா கசக்கும், பத்த வச்ச ஒடனே அப்படித்தான் வரும், அது அடங்குன பெறவு கறிய வைக்கணும்.

டிரம்மு அண்ணனுக்கு ஒரு சேதி: இந்த மெஷின கண்டுபிடிச்ச ஜோ டிரேகர் ஆரிகன் மாநிலத்துல வீட்டுக்கு வெப்பம் ஏத்துற கணப்பு வியாபாரம் பாத்த குடும்பத்துக்காரரு. வெயில் காலத்துல கணப்பு விக்காதுல்லா, அதே பெல்லட்ட வச்சு சமைக்க ஒரு பெட்டி பண்ணி 1986-ல காப்புரிமை வாங்குனாரு. இருவது வருஷம் வேற யாரும் பண்ண முடியல, அது முடிஞ்ச பெறவுதான் இத்தன கம்பெனி.

அண்டியாபீஸ்_முக்கு:
வியாபாரம் தெரிஞ்ச மனுஷன். இருந்தாலும் டிரம்மு டிரம்முதான்.

தக்கலை_மாப்ள:
மக்கா, வச்சாச்சு!! எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மைனி சொன்ன உப்பு கணக்கு, குளச்சல் அண்ணன் சொன்னபடி தலைக்கு வாலா உருட்டுனது, வாழநாரு முதல்ல கட்டி பாத்தோம் சூட்டுல காஞ்சு தளர ஆரம்பிச்சுது அதனால மேல பருத்தி நூலும் சுத்துனோம். முதல்ல 110, பெறவு 135. 60 வரை சரசரன்னு ஏறுச்சு பெறவு பைய பைய போச்சு, அத்தான் மூடிய தெறந்து தெறந்து பாத்ததுதான் காரணம், ஒவ்வொரு தடவையும் சூடு எறங்கும், கடைசில ஸ்டூல போட்டு மூடி முன்னால எங்கம்மைய உக்கார வச்சோம், பெறவு அவரு பக்கத்துல வரல. 71-ல எடுத்தோம், போத்தி வச்சதுல 75 வரை போச்சு. வெட்டுனா சாறு நிக்குது, தோலுல கருப்பட்டி நல்ல செவப்பா பிடிச்சிருந்துது.

ஒரே ஒரு பிரச்சன. வெட்டுன துண்டுல ஓரம் சுத்தி ஒரு விரல் பாதி கனத்துக்கு ரோஸ் கலரு. வேகலன்னு சொல்லி எங்கம்மையும் பெரியம்மையும் தொட மாட்டேங்குறாவ. புரோப்ப காட்டுனேன், நம்பல.

டொராண்டோ_திங்கள்சந்தை:
அது புகை வளையம் தம்பி, அதுக்குத்தான் இங்க ஆளுங்க போட்டி போடுறாங்க. மரம் எரியும்போது வர்ற நைட்ரிக் ஆக்சைடு வாயு கறியில உள்ள சிவப்புச் சத்தோட பிடிச்சுக்கிடும், பெறவு எவ்வளவு சூடாக்குனாலும் அந்த நிறம் போவாது. அம்மைட்ட இப்படி சொல்லுங்க: வேகாத கறின்னா நடுவுலதானே வேகாம இருக்கும், ஓரம் எப்படி வேகாம நடு வேகும்? நடு வெள்ளையா நார் பிரிஞ்சு இருக்கு பாருங்கன்னு காட்டுங்க.

தக்கலை_மாப்ள:
அந்த ஓரம் நடு கேள்வில பெரியம்மை ஒரு துண்டு எடுத்தா, பெறவு தட்டு காலி. மரச்சீனிக் கிழங்கு அவிச்சு, கொச்சு ஈருள்ளியும் (சின்ன வெங்காயம்) வத்தலும் சதச்ச சம்மந்தியோட வச்சோம், அது இதுக்குன்னே பொறந்தது போல. எங்கம்மை மட்டும் இன்னும் குழம்பு கட்சிதான். அடுத்தது காலும் தொடையும் இதே போல வைக்கலாமான்னு அத்தான் கேக்காரு.

மார்த்தாண்டம்_மைனி:
வைக்கலாம், ஆனா 74-ல எடுத்தா கடிக்க முடியாது. தொடையில சவ்வு கூட, 80 தாண்டி 85 பக்கம் போனாத்தான் எளகும், காயுமோன்னு பயம் வேண்டாம், கொழுப்பு உண்டு அதுல. காலுல வான்கோழிக்கு எலும்பு போல நரம்பு நெறைய ஓடும், சேவல்னா கேக்கவே வேண்டாம், அத எடுக்குற பாட்டுக்கு கால அம்மை குழம்புக்கே விட்ருங்க. நெஞ்செலும்ப தூரப் போட்டிராதீங்க, மிச்சம் இருக்குற சூட்டுல அரை மணிநேரம் புகை காட்டி எடுத்து, அதுல தண்ணி வச்சு அந்த சாறுல குழம்பு வைக்க சொல்லுங்க, ஒங்க அம்மையும் மெஷின் கட்சிக்கு வந்துருவா.